ஐசியு படுக்கைக்குத் திரையில் வரும் டாக்டர்

ஐசியுவில் நைட் டியூட்டி பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சங்கடம் உண்டு. நோயாளியின் பிபி எவ்வளவு, பல்ஸ் எவ்வளவு, ஆக்ஸிஜன் எவ்வளவு, போன ஒரு மணி நேரத்தில் சிறுநீர் எத்தனை மில்லி போயிருக்கிறது, இதையெல்லாம் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் பெரிய டாக்டருக்கு ஃபோனில் சொல்லிவிடலாம், எல்லாம் எண்தானே. ஆனால் "ஆள் சரியில்லை டாக்டர், சாயங்காலம் பார்த்த மாதிரி இல்லை" என்று ஒரு நர்ஸுக்குத் தோன்றுகிறதே, அதை ஃபோனில் எப்படிச் சொல்வது? முகத்தின் நிறம், மூச்சு வாங்கும் விதம், கூப்பிட்டால் கண் திரும்புவதில் உள்ள தாமதம் எல்லாம் சேர்ந்துதான் அந்த 'சரியில்லை'. மறுமுனையில் இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அது அவருக்குப் பாதிதான் போய்ச் சேரும்.

டெலிபிரசன்ஸ் ரோபோ என்பது அடிப்படையில் இந்த 'சரியில்லை'யை டாக்டரின் கண்ணுக்கே கொண்டுபோய்க் காட்டுவதற்காக வந்த கருவி. ரோபோ என்றதும் அது தானாக வைத்தியம் பார்க்கும், ஊசி போடும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள், அப்படி எதுவும் இல்லை. ஆள் உயரத்தில் ஒரு உடம்பு, கீழே சக்கரம், தலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு திரை, அதன் மேல் நன்றாக ஜூம் ஆகும் கேமரா, மைக், ஸ்பீக்கர். டாக்டர் தன் வீட்டிலோ வேறு ஊரிலோ கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கால் அதை ஓட்டிக்கொண்டு படுக்கைக்குப் படுக்கை போகலாம், தலையைத் திருப்பி மானிட்டரைப் பார்க்கலாம், நோயாளியிடம் பேசலாம். அவருடைய முகம் திரையில் தெரியும். அவ்வளவுதான், கை கிடையாது.

இந்தத் துறையில் முதலில் பெரிதாக வந்தது கலிஃபோர்னியாவில் இயங்கிய இன்டச் ஹெல்த் என்ற நிறுவனம். அதைத் தொடங்கிய யூலுன் வாங் அதற்கு முன்பு கம்ப்யூட்டர் மோஷன் என்ற நிறுவனத்தில் அறுவை சிகிச்சைக்கான ரோபோக்களை உருவாக்கியவர். இன்டச்சின் ஆர்பி-7 என்ற மாடல்தான் அமெரிக்க ஐசியுக்களில் பரவியது. பிறகு 2012-இல், வீடு பெருக்கும் ரூம்பா ரோபோவைச் செய்யும் ஐரோபோட் நிறுவனத்தோடு சேர்ந்து ஆர்பி-வீட்டா என்ற மாடலை அறிவித்தார்கள். ஜாய்ஸ்டிக் பிடிக்காமலே, போகவேண்டிய அறையைச் சொன்னால் தானே வழி பார்த்துப் போய் நிற்கும். 2013 ஜனவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி கொடுத்தது. 2020-இல் இன்டச்சை டெலடாக் நிறுவனம் வாங்கிவிட்டது.

சரி, இதற்கு என்ன அவசியம் வந்தது? தீவிர சிகிச்சைக்கென்றே தனியாகப் படித்த டாக்டர்கள், இன்டென்சிவிஸ்ட் என்பார்கள், அவர்கள் இருக்கும் ஐசியுக்களில் இறப்பு குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2002-இல் ஒரு முக்கியமான கட்டுரை வந்தது. அதற்குச் சற்று முன்பே லீப்ஃப்ராக் என்ற அமெரிக்க அமைப்பு, பெரிய கம்பெனிகள் சேர்ந்து மருத்துவமனைகளின் தரத்தை அளக்க உண்டாக்கியது, ஐசியுவுக்கு இன்டென்சிவிஸ்ட் வேண்டும், அவர் அங்கே இல்லாத நேரத்திலும் அழைப்பு வந்தால் பெரும்பாலும் 5 நிமிடத்துக்குள் பதில் கொடுக்கவேண்டும் என்று அளவுகோல் வைத்திருந்தது. நல்ல அளவுகோல்தான், ஆனால் அந்த அளவுக்கு டாக்டர்கள் நாட்டில் இல்லை. இருக்கிற கொஞ்சம் பேரும் பெரிய நகரங்களின் பெரிய மருத்துவமனைகளில்தான். இரவு என்றால் இன்னும் குறைவு.

2005-இல் லாஸ் ஏஞ்சலீஸின் யுசிஎல்ஏ மருத்துவமனை தன் மூளை நரம்பியல் ஐசியுவில் இந்த ரோபோவைக் கொண்டுவந்தது. அங்கே இதை முன்னின்று நடத்திய டாக்டர் பால் வெஸ்பாவும் கூட இருந்தவர்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இன்றுவரை எடுத்துக்காட்டப்படுகிறது. நர்ஸ் பேஜ் செய்ததிலிருந்து பெரிய டாக்டர் நோயாளியை முகம் பார்க்க ஆகும் நேரம் முன்பு சராசரியாக 218 நிமிடம், ரோபோ வந்தபிறகு 9.2 நிமிடம். மண்டைக்குள் அழுத்தம் கூடிய அவசரங்களில் 108 நிமிடம் 11 ஆகக் குறைந்தது. மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு வந்தவர்கள் ஐசியுவில் இருக்கும் காலம் இரண்டு நாள் குறைந்தது, செலவில் 11 லட்சம் டாலர் மிச்சம் என்றும் கணக்குக் காட்டினார்கள்.

இந்த 218-ஐப் பார்த்துவிட்டு மூன்றரை மணி நேரம் நோயாளி கவனிப்பாரற்றுக் கிடந்தார் என்று படித்துவிடக் கூடாது. அந்த நேரம் முழுக்க நர்ஸ் பக்கத்தில் இருந்திருப்பார், பயிற்சி டாக்டர்கள் இருந்திருப்பார்கள், பெரிய டாக்டரும் ஃபோனில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பார். குறைந்தது அவர் தன் கண்ணால் பார்ப்பதற்கான நேரம். அதோடு இது 'முன்பு இப்படி, பின்பு இப்படி' என்று ஒப்பிட்ட ஆய்வு, சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்ததல்ல, ஆகவே குறைந்ததெல்லாம் ரோபோவால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் 218-க்கும் 9-க்கும் உள்ள தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிடக்கூடியதும் இல்லை.

ஏன் மூளை நரம்பியல் ஐசியுவில் இது முதலில் ஒட்டிக்கொண்டது என்று யோசித்துப் பாருங்கள், அங்கேதான் இந்த விஷயத்தின் சூட்சுமமே இருக்கிறது. அங்கே நோயாளியைச் சோதிப்பது பெரும்பாலும் பார்ப்பதிலும் பேசுவதிலும் நடக்கிறது. "பேரைச் சொல்லுங்க", "ரெண்டு கையையும் நீட்டிப் பிடிங்க", "என் விரலைப் பாருங்க". ஒரு கை மெல்ல இறங்குகிறதா, வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, டார்ச் அடித்தால் கண்பாவை சுருங்குகிறதா, இதெல்லாம் நல்ல கேமராவில் தெரியும், சில சமயம் நேரில் பார்ப்பதைவிடப் பெரிதாகவே தெரியும். வயிற்றுக்கு வாருங்கள், கதை மாறிவிடுகிறது. ஆபரேஷன் ஆன வயிறு இறுகியிருக்கிறதா, அமுக்கினால் எங்கே வலிக்கிறது, கால் சில்லிட்டிருக்கிறதா, தோல் ஈரமாக இருக்கிறதா, இதற்குக் கைதான் வேண்டும். அறுவை சிகிச்சைக்காரர்கள் இந்த ரோபோக்கள் பற்றிக் கொஞ்சம் இழுத்துப் பேசுவதற்குக் காரணம் பழமைப் பிடிவாதம் என்று நான் நினைக்கவில்லை. விரலால் கற்ற தொழில் அது.

அப்படியானால் அந்தக் கை யாருடையது? நர்ஸுடையது. டார்ச் அடிப்பது அவர், போர்வையை விலக்குவது அவர், ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் சரியான இடத்தில் வைப்பது அவர், "இன்னும் கொஞ்சம் கீழே, ஆங், அங்கேதான்" என்று திரையிலிருந்து குரல் வரும்போது வயிற்றை அமுக்கிப் பார்த்து "இறுக்கமா இருக்கு டாக்டர்" என்று சொல்வதும் அவர். ரோபோ வந்ததால் டாக்டருக்கு ஒரு பயணம் குறைந்தது, நர்ஸுக்கு ஒரு வேலை கூடியது, கூடவே ஒரு பொறுப்பும் கூடியது. ஐசியு ரோபோ நல்லதா கெட்டதா என்று டாக்டர்களிடம் மட்டும் கேட்டு எழுதப்படும் எதையும் நான் பாதிக் கதையாகத்தான் பார்க்கிறேன்.

நர்ஸ்களின் கருத்தைக் கேட்ட ஆய்வுகளும் உண்டு. மூளை நரம்பியல் ஐசியு ஒன்றில் ரோபோவைக் கொண்டுவந்தபோது நர்ஸ் குழுவின் திருப்தி எப்படி மாறியது என்பதையே முழுப் பொருளாக எடுத்து 2012-இல் ஒரு கட்டுரை வந்தது. பொதுவாக இந்த மாதிரி இடங்களில் நர்ஸ்கள் சொல்லும் நல்ல விஷயம் ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது: இரவில் டாக்டரைக் கூப்பிடும் தயக்கம் குறைவது. ஃபோனில் எழுப்பி, எண்களைச் சொல்லி, "இதுக்கா எழுப்பினீங்க?" என்று ஒரு பெருமூச்சு வருமோ என்ற பயம் எந்த நாட்டு நர்ஸுக்கும் உண்டு. "நீங்களே பாருங்க டாக்டர்" என்று சொல்ல முடிந்தால் அந்தச் சுமை பாதி இறங்கிவிடுகிறது. தன் கண்ணுக்குப் பட்டது சரிதான் என்று இன்னொரு ஜோடிக் கண் சாட்சி சொல்கிறது.

மறுபக்கம், கண்காணிக்கப்படுகிறோமோ என்ற எரிச்சல். இங்கே ரோபோவையும் சுவர்க் கேமராவையும் பிரித்துப் பார்க்கவேண்டும். டெலி ஐசியு என்று பொதுவாகச் சொல்வது வேறு ஏற்பாடு. ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த பிரையன் ரோசன்ஃபெல்ட், மைக்கேல் பிரெஸ்லோ என்ற இரண்டு டாக்டர்கள் விசிகு என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 2000-இல் வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில் சென்டாரா மருத்துவமனைக் குழுமத்தில் இந்த ஏற்பாட்டை முதலில் நிறுவினார்கள். ஒவ்வொரு அறையிலும் கேமரா, எங்கோ ஒரு மையத்தில் டாக்டரும் நர்ஸ்களும் உட்கார்ந்து நூறு படுக்கைகளுக்கு மேல் ஒரே நேரத்தில் கவனிப்பார்கள். அது எப்போதும் விழித்திருக்கும் கண். ரோபோ அப்படி இல்லை, அது வரும், போகும். வரும்போது எல்லோருக்கும் தெரியும், கதவருகே நின்று "உள்ளே வரலாமா?" என்று கேட்கலாம், போனபின் சார்ஜ் ஏற மூலைக்குப் போய்விடும். யார் பார்க்கிறார்கள் என்று தெரிவதும், எப்போது பார்க்கவில்லை என்று தெரிவதும் வேலை செய்பவருக்குப் பெரிய ஆறுதல்.

கேமராவோ ரோபோவோ, தூரத்து டாக்டருக்கு எவ்வளவு அதிகாரம் என்ற கேள்வி இதையெல்லாம்விடப் பெரியது. இதற்கு இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். 2009-இல் வெளியான ஆய்வில், டெக்சாஸில் 5 மருத்துவமனைகளின் 6 ஐசியுக்களில் டெலி ஐசியு வைத்துப் பார்த்தார்கள், மொத்தத்தில் இறப்பில் தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை. ஆனால் அங்கே சுமார் மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளின் டாக்டர்கள், தூரத்து டாக்டருக்கு மிகக் குறைந்த அதிகாரம்தான் கொடுத்திருந்தார்கள், அதாவது உயிர் போகும் அவசரம் தவிர வேறெதிலும் கைவைக்காதே என்ற அளவில். மாசசூசெட்ஸில் 7 ஐசியுக்களில் 6,290 நோயாளிகளை வைத்துச் செய்து 2011-இல் வெளியான ஆய்வில், தூரத்துக் குழு சிகிச்சையில் நேரடியாகப் பங்கெடுத்தது, செய்யவேண்டியவை விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டது. மருத்துவமனை இறப்பு 13.6 சதவீதத்திலிருந்து 11.8 ஆகக் குறைந்தது. இரண்டு இடங்களுக்கும் வேறு வித்தியாசங்களும் இருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் யாரும் காது கொடுத்துக் கேட்காத வாய்க்கு எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கர் வைத்தும் பயனில்லை என்பது இதில் தெரிகிறது.

இந்த அதிகாரச் சிக்கலில் நடுவில் மாட்டுவது மறுபடியும் நர்ஸ்தான். பகலில் படுக்கைக்கு வரும் டாக்டர் ஒரு மருந்தை நிறுத்தச் சொல்லியிருப்பார், ராத்திரி திரையில் வருபவர் தொடரச் சொல்வார். யார் பேச்சைக் கேட்பது? இதை முன்கூட்டியே எழுதி, எல்லோருக்கும் சொல்லி, பெரியவர்கள் தங்களுக்குள் ஒத்துக்கொண்ட பிறகுதான் ரோபோவின் பெட்டியைப் பிரிக்கவேண்டும். தூரத்து டாக்டரும் உள்ளே இருக்கும் குழுவும் ஒருமுறையாவது நேரில் சந்தித்துப் பேசியிருந்தால் நம்பிக்கை தனிதான். முன்பின் தெரியாத முகம் திரையில் வந்து உத்தரவு போட்டால் எந்த ஊரில்தான் எடுபடும்?

பயிற்சி டாக்டர்களின் நிலை இன்னொரு மாதிரி. ராத்திரி தனியாக ஒரு முடிவு எடுத்து, அது சரியாக வந்து, காலையில் ரவுண்ட்ஸில் பெரியவர்கள் முன் நின்று விளக்குவதுதான் அவர்கள் வளரும் வழி. எந்நேரமும் பெரியவர் திரையில் எட்டிப்பார்த்தால் அந்தத் தைரியம் எங்கிருந்து வரும் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். இன்னொரு சாரார், தெரியாததைத் தெரிந்தமாதிரி காட்டிக்கொண்டு தவிப்பதைவிடக் கூப்பிட்டுக் கேட்பது மேல் என்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி, ஆனால் முதல் கட்சியின் கவலையும் வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை. இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும்: 2013-இல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு வருடம், இரவில் இன்டென்சிவிஸ்ட் நேரிலேயே தங்கியிருந்த இரவுகளையும், பயிற்சி டாக்டர்கள் மட்டும் இருந்து பெரியவரை ஃபோனில் கேட்டுக்கொண்ட இரவுகளையும் முறையாக ஒப்பிட்டார்கள், நோயாளிகளுக்குக் கிடைத்த பலனில் வித்தியாசம் தெரியவில்லை. எல்லா வசதியும் பயிற்சி டாக்டர்களும் நிறைந்த பெரிய மருத்துவமனைக்கு ரோபோ பெரிதாக எதையும் கூட்டாமல் போகலாம், டியூட்டி டாக்டர் ஒருவரே எல்லா வார்டையும் பார்க்கும் சின்ன ஊர் மருத்துவமனைக்கு அதுவே கடவுள் கொடுத்த துணையாக இருக்கலாம். யாருக்கு வேண்டும் என்பதைவிட யாரால் வாங்க முடியும் என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது, அதுதான் வருத்தம்.

அன்றாடத் தொல்லைகளும் இருக்கின்றன. ஒரு மூலையில் வைஃபை எடுக்காது, பேச்சு பாதியில் அறுந்துபோகும். வென்டிலேட்டர், டிரிப் ஸ்டாண்டு, டயாலிசிஸ் மெஷின் என்று ஏற்கெனவே நிற்க இடமில்லாத அறையில் இன்னொரு உருவத்துக்கு வழிவிடவேண்டும். ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குக் கிருமி போகாமல் ஒவ்வொரு முறையும் துடைக்கவேண்டும், துடைப்பது யார் என்று சொல்லவேண்டியதில்லை. அமெரிக்காவில் டாக்டருக்கு நோயாளி இருக்கும் மாநிலத்தின் உரிமம் வேண்டும் என்பது இன்னொரு தலைவலி. ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியாக அவர் சான்றுகளைச் சரிபார்க்கவேண்டியிருந்ததை 2011-இல் மத்திய அரசின் ஒரு விதி கொஞ்சம் இலகுவாக்கியது, தூரத்து மருத்துவமனை சரிபார்த்ததையே ஏற்றுக்கொள்ளலாம் என்று.

அப்புறம் கோவிட் வந்தது, ரோபோவின் பொருளே தலைகீழானது. அதுவரை தூரத்தில் இருக்கும் டாக்டரைப் பக்கத்தில் கொண்டுவருவதற்காக இருந்த கருவி, பக்கத்தில் இருக்கும் டாக்டரை வேண்டுமென்றே விலக்கி வைப்பதற்காகப் பயன்பட்டது. அமெரிக்காவின் முதல் கோவிட் நோயாளியை 2020 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் எவரெட் நகர மருத்துவமனையில் தனிமை அறையில் வைத்தபோது, திரையும் ஸ்டெதாஸ்கோப்பும் பொருத்திய இன்டச் கருவி வழியாகத்தான் டாக்டர்கள் வெளியிலிருந்து பேசினார்கள். இத்தாலியின் வரேசே நகர மருத்துவமனையில் டாமி என்ற பெயருடைய ரோபோவும் அதன் கூட்டாளிகளுமாக ஆறு ரோபோக்கள் நோயாளிகளின் அறைகளில் நின்றன. நொய்டாவில் ஒரு மருத்துவமனையில் பெங்களூரு இன்வென்டோ நிறுவனத்தின் மித்ரா ரோபோ, நோயாளிகள் வீட்டாரின் முகம் பார்த்துப் பேச உதவியது. அதே ஆண்டு ஜூலையில் டெல்லி எய்ம்ஸ், ரோபோவே இல்லாமல், வெறும் வீடியோ அழைப்பில் மற்ற மாநில அரசு மருத்துவமனைகளின் ஐசியு டாக்டர்களுக்கு ஆலோசனை சொல்ல ஆரம்பித்தது. அந்த மாதங்களில் கவசம் போடாமல், கழற்றாமல், நோயாளியிடம் நாலு வார்த்தை கூடுதலாகப் பேச முடிந்ததை மருத்துவப் பணியாளர்கள் நன்றியோடு பார்த்தார்கள். முகமூடிக்குப் பின்னால் வெறும் இரண்டு கண்ணாகத் தெரிந்த டாக்டர், திரையில் முழு முகத்தோடு சிரிக்க முடிந்தது.

நோயாளிகள் இதை வெறுக்கிறார்கள் என்பதும் பொதுவாக உண்மை இல்லை. ஹூஸ்டனில் அறுவை சிகிச்சை ஐசியு நோயாளிகளைக் கேட்டு 2011-இல் வந்த ஆய்வில் அவர்கள் ரோபோவை நல்லவிதமாகவே பார்த்தார்கள். பெரிய டாக்டர் ஒருமுறை கூடுதலாக வந்து பார்க்கிறார் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? கூடுதலாக என்பதுதான் அங்கே முக்கியமான சொல்.

2019 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் நடந்ததைப் படித்தபோது எனக்கு மனசு கலங்கிவிட்டது. கைசர் மருத்துவமனையின் ஐசியுவில் 78 வயதுப் பெரியவர் ஒருவர், நுரையீரல் நோய் முற்றிய நிலை. பக்கத்தில் பேத்தி மட்டும் இருந்த ஒரு இரவில் சக்கரத்தில் ஒரு திரை வந்தது. அதிலிருந்த டாக்டர், இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ள மார்ஃபின் கொடுக்கலாம் என்று சொன்னார். பெரியவருக்கு வலது காது சரியாகக் கேட்காது. இயந்திரத்தால் படுக்கையின் மறுபக்கம் போக முடியவில்லை. டாக்டர் சொன்னதைப் பேத்தியே தாத்தாவின் காதில் திருப்பிச் சொல்லவேண்டி வந்தது. அதற்குப் பிறகு சில நாள்களுக்குள் அவர் இறந்துவிட்டார். மருத்துவமனை வருத்தம் தெரிவித்தது. அந்த வீடியோ சந்திப்பு முன்பு நேரில் பார்த்த டாக்டர்களின் தொடர்ச்சிதான், நேரில் பார்ப்பதற்குப் பதிலாக அல்ல என்றும், அதை ரோபோ என்று சொல்வது சரியில்லை என்றும் விளக்கியது. அந்த டாக்டர் கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல நமக்கு எந்த முகாந்திரமும் இல்லை. நேரில் வந்திருந்தால் அவர் இரண்டு அடி சுற்றிப் போய் நல்ல காதின் பக்கம் நின்றிருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

கெட்ட செய்தி சொல்வதற்கு 2000-இல் புற்றுநோய் மருத்துவர்கள் வகுத்த ஆறு படி முறை ஒன்று மருத்துவக் கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. அதன் முதல் படியே இடத்தை ஆயத்தம் செய்வது: தனிமை வேண்டும், வேண்டியவர்கள் கூட இருக்கவேண்டும், டாக்டர் உட்காரவேண்டும். ரோபோவால் உட்கார முடியாது. ஆனால் அறையில் நர்ஸால் உட்கார முடியும். இரவில் வேறு வழியே இல்லாமல் திரையில்தான் சொல்லியாகவேண்டும் என்ற நிலைமை வந்தால், டாக்டர் முதலில் நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டு இன்ன விஷயம் சொல்லப்போகிறேன் என்று சொல்லட்டும். வீட்டில் யாரை வரவழைக்கவேண்டும் என்று நர்ஸுக்குத் தெரிந்திருக்கும், அவர்கள் வரும்வரை காத்திருக்கட்டும். எந்தக் காது கேட்கும் என்பதும் நர்ஸுக்குத் தெரியும். நாற்காலியை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டு அவர் உட்கார்ந்து, பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்ட பிறகு, திரை உள்ளே வரட்டும்.